ஒரு திருட்டுக்கு எத்தனை மிஷன்? ‘ஸ்லை 2’ கற்றுத்தரும் சீக்வல் கணக்கு

ஒரு கேமின் இரண்டாம் பாகம் வந்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, “முதல் பாகத்தைவிடப் பெரிசா?” என்பதுதான். மேப் எவ்வளவு பெரிது, மிஷன் எத்தனை, முடிக்க எத்தனை மணி நேரம் ஆகும்... விளம்பரமும் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. பல நேரம் விமர்சனமும் இதே கணக்கில்தான் நின்றுவிடுகிறது.

ஆனால், பிளேஸ்டேஷன் 5-க்கான ஒரு புதிய பெரிய கேமுக்கு ரூ.5,000-ஐ ஒட்டிச் செலவழித்துவிட்டு, வேலை முடிந்து வந்து ராத்திரி ஒரு மணி நேரம் மட்டும் விளையாட முடிகிறவருக்கு இந்தப் ‘பெரிசு’ லாபமா, சுமையா?

இதற்குப் பதில் தேட ஒரு பழைய கேம் நன்றாக உதவும். 2004 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த ‘ஸ்லை 2: பேண்ட் ஆஃப் தீவ்ஸ்’. ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’, ‘கோஸ்ட் ஆஃப் யோதே’ கேம்களை உருவாக்கிய அமெரிக்காவின் சக்கர் பஞ்ச் நிறுவனம்தான் இதையும் உருவாக்கியது. ஒரு சீக்வல் எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது, மாற்றத்துக்கு என்ன விலை கொடுக்க வேண்டிவரும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் கேம்கள் குறைவு.

என்ன கேம் இது?

ஸ்லை கூப்பர் ஒரு ரக்கூன். பரம்பரைத் திருடன். அவனுக்கு இரண்டு கூட்டாளிகள்: மூளைக்கார ஆமை பென்ட்லி, பலசாலி நீர்யானை மர்ரே. இவர்களைப் பிடிக்க இன்டர்போல் ஆய்வாளர் கார்மெலிட்டா ஃபாக்ஸ் துரத்திக்கொண்டே இருக்கிறார். சாதாரண மக்களின் வீட்டில் கை வைப்பதில்லை, திருடனிடம் மட்டுமே திருடுவது என்பது கூப்பர் வம்சத்தின் கொள்கை.

முதல் பாகத்தின் கடைசியில் ஸ்லை வீழ்த்திய எதிரி, கிளாக்வெர்க் என்ற ராட்சத இயந்திர ஆந்தை. இரண்டாம் பாகம் கெய்ரோவின் ஒரு அருங்காட்சியகத்தில் தொடங்குகிறது. அங்கே வைக்கப்பட்டிருந்த கிளாக்வெர்க்கின் உடல் பாகங்களை யாரோ ஏற்கெனவே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவை ‘கிளா கேங்’ என்ற கும்பலிடம் பிரிந்து கிடக்கின்றன. பாகங்கள் மறுபடி ஒன்றுசேர்வதற்குள் அத்தனையையும் திருட வேண்டும். கதை இவ்வளவுதான்.

பாரிஸ், இந்தியா, பிராக், கனடா, கடைசியில் வானில் பறக்கும் ஒரு ராட்சதக் கப்பல் என எட்டு அத்தியாயங்களாக ஆட்டம் நகர்கிறது.

ஏன் மாற்ற வேண்டியிருந்தது?

2002-ல் வந்த முதல் பாகம் வழக்கமான பிளாட்ஃபார்ம் கேம். தாவு, ஏறு, தப்பி, அடுத்த லெவலுக்குப் போ. ஒவ்வொரு லெவலும் ஒற்றைப் பாதை. ஒரே ஒரு அடி பட்டாலும் ஸ்லை காலி. ஓர் அதிர்ஷ்ட லாடம் கையில் இருந்தால் மட்டும் ஓர் அடியைத் தாங்கலாம். அழகான கேம், கச்சிதமான கேம். ஆனால் ‘திருட்டு’ என்பது கதையில் இருந்த அளவுக்கு விளையாட்டில் இல்லை. விளையாடுபவர் உண்மையில் செய்தது தடை ஓட்டம்தான்.

சந்தையும் வேகமாக மாறிக்கொண்டிருந்தது. 2001 அக்டோபரில் வந்த ‘ஜிடிஏ 3’, ஒரு முழு நகரத்தை விளையாடுபவர் கையில் கொடுத்து, “உன் இஷ்டம்” என்றது. அதன் முன்னால் லெவல் லெவலாகத் தாவும் கேம்கள் சின்னப் பிள்ளை விளையாட்டாகத் தெரிய ஆரம்பித்தன. போட்டியில் இருந்தவர்கள் தங்கள் சீக்வல்களின் முகத்தையே மாற்றினார்கள். நாட்டி டாக் நிறுவனத்தின் ‘ஜாக் 2’ (2003) பசுமையான தீவை விட்டு, சர்வாதிகாரியின் பிடியில் இருக்கும் இருண்ட நகரத்துக்குப் போனது. நாயகன் கையில் துப்பாக்கி வந்தது. யூபிசாஃப்ட்டின் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ வரிசையில் 2004-ல் வந்த ‘வாரியர் விதின்’ ரத்தமும் கோபமுமாக வந்தது.

சக்கர் பஞ்ச் வேறு வழி பிடித்தது. ஊரைச் சுற்றும் சுதந்திரமும் மிஷன் முறையும் இந்தக் கேமுக்குள் வந்தன. ஆனால் அந்தக் காலத்து ‘டார்க்’ சாயத்தை அது அப்படியே பூசிக்கொள்ளவில்லை. கார்ட்டூன் வண்ணம், நகைச்சுவை, பூனை நடை எல்லாம் பத்திரமாக இருந்தன. “எல்லாரும் எதைச் செய்கிறார்கள்?” என்பதைவிட, “நம் கதைக்கு எது பொருந்தும்?” என்ற கேள்வி இங்கே முன்னால் நின்றதாகத் தெரிகிறது. திருட்டுக் கும்பலின் கதைக்கு மிஷன் முறை கச்சிதமாகப் பொருந்தியது.

இங்கே மிஷன் என்ன வேலை செய்கிறது?

இந்தக் கேமின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது.

ஒவ்வோர் அத்தியாயமும் ஒரே வரிசையில் நடக்கும். முதலில் ஸ்லை ஊரைச் சுற்றி வேவு பார்த்துப் புகைப்படம் எடுப்பான். அந்தப் படங்களை வைத்து பென்ட்லி ஒரு ஸ்லைடு ஷோ போட்டுத் திட்டத்தை விளக்குவான். ஆபீஸ் பிரசன்டேஷன் மாதிரியேதான். பிறகு சின்னச் சின்ன வேலைகள் மேப்பில் திறக்கும். பல நேரம் எதை முதலில் செய்வது என்பது விளையாடுபவர் விருப்பம். எல்லாம் முடிந்ததும் மூவரும் சேர்ந்து இறங்கும் பெரிய ஆபரேஷன்.

பாரிஸ் அத்தியாயத்தைப் பாருங்கள். டிமிட்ரி என்ற நைட்கிளப் முதலாளி, கிளாக்வெர்க்கின் வால் இறகுகளை அச்சுத் தகடாக்கிக் கள்ள நோட்டு அடிக்கிறார். அவர் அறைக்குள் ஒட்டுக்கேட்கும் கருவி பொருத்திய ஓவியத்தை மாட்டுவது ஒரு வேலை. அவர் பின்னாலேயே சத்தமில்லாமல் போவது இன்னொரு வேலை. தண்ணீர் பம்பை உடைப்பது வேறொன்று. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் உதிரி வேலைகள். கடைசியில் நைட்கிளப்பின் ராட்சத மயில் பலகை சரிந்து விழும்போதுதான் ஒவ்வொன்றும் எதற்காக என்பது புரியும்.

அடுத்த அத்தியாயத்தில் ஓர் அரண்மனை விருந்து. ஸ்லை ஒரு கோட் சூட்டைத் திருட வேண்டும். ஏன் என்றால், அன்றைய விருந்தில் அவன் கார்மெலிட்டாவுடனேயே நடனமாடி, மொத்தக் கூட்டத்தின் கண்ணையும் தன் பக்கம் இழுக்க வேண்டும். அந்த நேரத்தில் கூட்டாளிகள் ஆந்தையின் இறக்கைகளைத் தூக்கிவிடுவார்கள். துணி திருடும் மிஷன் வேறு எந்தக் கேமில் வந்தாலும் “இதெல்லாம் ஒரு வேலையா?” என்று தோன்றும். இங்கே அந்தக் கேள்வியே எழாது.

மிஷன் அடிப்படையிலான எந்தக் கேமையும் எடைபோட இதுவே நல்ல அளவுகோல். ஒரு மிஷனை எடுத்துவிட்டால் மற்றவை பாதிக்கப்படுமா? ஆம் என்றால் அது திட்டத்தின் உறுப்பு. இல்லை என்றால் வெறும் நேரக் கடத்தல். ‘ஸ்லை 2’-வின் பெரும்பாலான வேலைகள் முதல் வகை. அதுவும் ஒவ்வொன்றும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஒரு மணி நேரம் மட்டுமே கிடைக்கிறவர்கூட, திட்டத்தை இரண்டு மூன்று அடி நகர்த்திய திருப்தியோடு தூங்கப் போகலாம்.

மூன்று பேர், மூன்று நடை

முதல் பாகத்தில் பென்ட்லியும் மர்ரேயும் பெரும்பாலும் துணைப் பாத்திரங்கள். அங்கங்கே சில மினி கேம்களில் வந்து போவார்கள். இரண்டாம் பாகத்தில் மூவரும் முழு நாயகர்கள்.

ஸ்லை கூரை மேல் ஓடுவான், கயிற்றில் நடப்பான், காவலாளிக்குப் பின்னால் பதுங்கிப் போய் பாக்கெட்டில் கை விடுவான். பென்ட்லிக்கு மயக்க ஊசித் துப்பாக்கி, வெடிகுண்டு, ஹேக்கிங். மர்ரேவுக்கு முஷ்டி மட்டும் போதும். ஒரே தெருவை மூன்று பேராக நடந்து பார்த்தால் மூன்று தெருவாகத் தெரியும். ஸ்லைக்குக் கூரைதான் ராஜபாட்டை. பென்ட்லிக்கு டார்ச் லைட் அடித்து வரும் ஒவ்வொரு காவலாளியும் கண்டம். மர்ரே அதே ஆளைத் தலைக்கு மேல் தூக்கி வீசிவிட்டுப் போவான்.

புது ஊர்களைச் சேர்த்துக்கொண்டே போகாமல், இருக்கும் ஊரையே மூன்று விதமாகப் பார்க்க வைத்தது புத்திசாலித்தனமான சிக்கனம்.

இந்த மூவர் அமைப்பு கதைக்கும் பயன்படுகிறது. மூன்றாம் அத்தியாய முடிவில் துரோகம் நடந்து, ஸ்லையும் மர்ரேயும் சிறைக்குப் போகிறார்கள். மிஞ்சுவது பென்ட்லி மட்டும். பயந்த சுபாவம், வேனை விட்டு இறங்கவே தயங்குகிறவன். அவன்தான் அடுத்த அத்தியாயத்தில் பிராக் சிறையிலிருந்து நண்பர்களை மீட்க வேண்டும். இதுவரை ஸ்லையின் வேகத்துக்குப் பழகிய விரல்களுக்கு இப்போது கிடைப்பது ஓர் ஆமை. தனியாக நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பதை வசனமே தேவையில்லாமல் கன்ட்ரோலர் சொல்லிவிடுகிறது.

எதை இழந்தது?

எல்லாம் லாபம் என்று சொல்ல முடியாது.

முதல் இழப்பு, பதற்றம். ஒரே அடியில் காலியாகும் ஸ்லை ஒவ்வொரு அடியையும் யோசித்து வைக்க வேண்டியிருந்தது. இரண்டாம் பாகத்தில் உயிர் அளவைக் காட்டும் பட்டை வந்துவிட்டது. மாட்டிக்கொண்டால் சண்டை போட்டுத் தப்பிவிடலாம். விசாலமான ஊரில், மூன்று பேருடன், ஓரடியில் சாகும் விதி ஒத்துவந்திருக்காது என்பது உண்மைதான். ஆனால் திருட்டில் ‘மாட்டிக்கொள்ளக் கூடாது’ என்ற பயம்தானே ருசி? அந்தக் காரம் கொஞ்சம் குறைந்தது.

இரண்டாவது, தாவல். முதல் பாகத்தின் லெவல்கள் தாவுவதற்காகவே செதுக்கப்பட்டவை. திறந்த ஊரில் அந்த நெருக்கமான செதுக்கல் சாத்தியமில்லை. பென்ட்லிக்கும் மர்ரேவுக்கும் ஸ்லையின் கூரை வித்தைகள் தெரியாது என்பதால், அவர்களுடைய நேரத்தில் பிளாட்ஃபார்ம் கேம் என்ற உணர்வே மங்கிவிடுகிறது.

மூன்றாவது, நிரப்பு வேலைகள். எல்லா மிஷன்களும் மேலே சொன்ன தேர்வில் பாஸ் ஆவதில்லை. பென்ட்லியின் ரிமோட் ஹெலிகாப்டர், ஓரிடத்தில் நின்று சுடும் பீரங்கி, திரும்பத் திரும்ப வரும் ஹேக்கிங் போன்றவை சில இடங்களில் போர் அடிக்கும். ஒவ்வோர் ஊரிலும் ஒளித்து வைத்த 30 பாட்டில்களைத் தேடினால் ஒரு பெட்டகம் திறக்கும், புது வித்தை கிடைக்கும். முதல் இரண்டு ஊரில் ஊரைத் தெரிந்துகொள்ள உதவும் இந்தத் தேடல், ஆறாவது ஊரில் கடமையாகிவிடுகிறது. அடுத்த ஆண்டே, 2005-ல், வந்த மூன்றாம் பாகத்தில் இந்தப் பாட்டில் தேடல் எடுக்கப்பட்டுவிட்டது.

ராஜனின் இந்தியா எப்படி இருக்கிறது?

எட்டு அத்தியாயங்களில் இரண்டு இந்தியாவில் நடக்கின்றன. வில்லன் ராஜன், ஒரு புலி. கல்கத்தா தெருக்களில் ஏழையாக வளர்ந்து, சட்டவிரோதமாக மசாலா விற்று, பெரும் பணக்காரனாகித் தன்னைத் தானே ராஜா என்று அழைத்துக்கொள்பவன். அரண்மனை, யானை, காட்டுக்குள் பாழடைந்த கோயில், மசாலா... வெளிநாட்டு கேம்களில் இந்தியா என்றால் வரும் வழக்கமான பட்டியல் மொத்தமும் ஆஜர். 2004-ன் கல்கத்தாவோ வேறு எந்த நிஜ ஊரோ இதில் இல்லை.

அதே நேரம், கனடா என்றால் மரம் வெட்டும் போட்டி, பாரிஸ் என்றால் நைட்கிளப், பிராக் என்றால் பேய்க் கோட்டை. எல்லா ஊருக்கும் அதே கார்ட்டூன் கத்தரிக்கோல்தான். ராஜனின் பாத்திரத்தில் கொஞ்சம் கூடுதல் கவனமும் தெரிகிறது. பிறப்பால் கிடைக்காத மரியாதையைப் பணத்தால் வாங்கத் துடிப்பவன் அவன். ஊரைக் கூட்டி விருந்து வைத்து, ஆந்தையின் இறக்கைகளைக் காட்சிக்கு வைத்ததும் அந்தத் துடிப்பால்தான். அந்தப் பெருமையடிப்புதான் திருடர்களுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. ஊர் பொம்மையாக இருந்தாலும், ஆள் கொஞ்சம் மனிதனாக இருக்கிறான்.

கதையின் முடிவு சொல்வது என்ன?

(21 ஆண்டுக்கு மேல் பழைய கேம்தான். இருந்தாலும் முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம்.)

கடைசியில் ஓர் உண்மை வெளியே வருகிறது. வில்லன்களும் சும்மா ஆளுக்கொரு பாகத்தைப் பிரித்துக்கொள்ளவில்லை. ராஜன் மசாலாவை விளைவிக்கிறான். டிமிட்ரியின் கிளப் அதைச் சாப்பாட்டில் கலந்து பரிமாறுகிறது. சிலந்தியான கான்டெஸாவுக்கு மனதை வசியம் செய்யத் தெரியும். கனடாவின் காட்டெருமை, வடதுருவ ஒளியின் ஆற்றலைச் சேமித்துத் தருகிறது. எல்லாவற்றையும் இணைத்து, பாரிஸ் மக்களை வெறுப்பில் மூழ்கடித்து, அந்த வெறுப்பை உண்டு கிளாக்வெர்க்கின் உடலில் சாகாமல் வாழ வேண்டும் என்பது தலைவன் ஆர்பெஜியோவின் திட்டம். கூப்பர் கும்பலைப் போலவே அவர்களும் வேலையைப் பிரித்துச் செய்த ஒரு கும்பல்தான்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? அவர்களுக்குள் ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை இல்லை. ஸ்லையைக் காட்டிக்கொடுத்த நெய்லாதான் ஆர்பெஜியோவையும் கவிழ்த்து, ஆந்தையின் உடலுக்குள் தானே புகுந்துகொள்கிறாள். கூப்பர் கும்பல் மட்டும் ஒருவரை ஒருவர் கைவிடவில்லை. அதற்கும் ஒரு விலை இருந்தது. கடைசி ஆந்தை அலகு மூடிக்கொள்ளும்போது பென்ட்லியின் கால்கள் நசுங்குகின்றன. மூன்றாம் பாகத்தில் அவன் சக்கர நாற்காலியில்தான் வருகிறான். மனம் உடைந்த மர்ரே கும்பலை விட்டே விலகிப் போகிறான்.

விளையாட்டுத்தனமாக ஆரம்பித்த கேம் இப்படி முடியும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். ரத்தம் கொட்டவில்லை, துப்பாக்கி முழங்கவில்லை. ஆனால் எட்டு அத்தியாயமாக நீங்களே ஓட்டி நடத்திய ஆமைக்கு இனி நடக்க முடியாது என்பது நெஞ்சில் இறங்குகிறது. ‘டார்க்’ ஆக வேண்டும் என்று அவசரப்பட்ட அந்தக் காலத்து சீக்வல்கள் பலவற்றைவிட, இது கனமான முடிவு.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

ஒரு தேதிக் கணக்கு போதும். ஸ்லை முதல் பாகம் 2002, இரண்டாம் பாகம் 2004, மூன்றாம் பாகம் 2005. அதே நிறுவனத்தின் ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’ 2020 ஜூலை, அடுத்து ‘கோஸ்ட் ஆஃப் யோதே’ 2025 அக்டோபர். முன்பு மூன்று ஆண்டில் மூன்று பாகம். இப்போது ஒரே ஒரு அடுத்த பாகத்துக்கு ஐந்து ஆண்டுக்கு மேல்.

இவ்வளவு காலமும் பணமும் ஒரே கேமில் முடங்கும்போது, எந்த நிறுவனத்துக்கும் ரிஸ்க் எடுக்கக் கை நடுங்கும். ஜெயித்த பார்முலாவைப் பெரிதாக்குவதுதான் பாதுகாப்பு. மேப்பில் இன்னும் நூறு புள்ளிகள், இன்னும் ஐம்பது முகாம்கள். இன்றைய ஓப்பன் வேர்ல்டு கேம்கள் பலவற்றின் மேல் இருக்கும் புகாரும் இதுதான்: செய்ய நிறைய இருக்கிறது, எதற்குச் செய்கிறோம் என்றுதான் தெரியவில்லை. ‘ஸ்லை 2’ ரிஸ்க் எடுத்தது. தன் முதல் பாகத்தின் அடித்தளத்தையே பெயர்த்து வைத்தது. அதில் சிலவற்றை இழக்கவும் செய்தது. ஆனால் வந்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் சொல்ல முடிகிறது.

சீக்வலின் மறுபக்கத்தையும் இதே வரிசை காட்டுகிறது. 2013-ல் சன்சாரு கேம்ஸ் உருவாக்கிய நான்காம் பாகமான ‘தீவ்ஸ் இன் டைம்’, ஸ்லை எங்கே போனான் என்ற கேள்வியோடு முடிந்தது. பதில் இன்னும் வரவில்லை. ஸ்லை வரிசையில் புதிய கேம் எதுவும் தங்கள் கையிலோ வேறு நிறுவனத்தின் கையிலோ இல்லை என்று 2022-ல் சக்கர் பஞ்ச் அறிவித்துவிட்டது.

சரி, இப்போது விளையாடலாமா?

தாராளமாக. 2010-ல் பிளேஸ்டேஷன் 3-க்கான ‘ஸ்லை கலெக்‌ஷன்’ தொகுப்பில் வந்தது. 2024-ல் பிளேஸ்டேஷன் 4, 5-லும் விளையாடும் வகையில் வந்துவிட்டது. கார்ட்டூன் பாணி வரைகலை என்பதால், அந்தக் காலத்து ‘நிஜம் போன்ற’ கேம்களைவிட இது கண்ணுக்கு இதமாகவே இருக்கும். கேமரா மட்டும் சில நேரம் சொன்ன பேச்சைக் கேட்காது.

முதல் பாகம் ஆடியிருக்க வேண்டியதில்லை. பாட்டில்களை முழுதாகத் தேடுவதா வேண்டாமா என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. பாரிஸ் அத்தியாயத்தை முடித்துப் பாருங்கள். மயில் பலகை சாயும் அந்த நிமிடம் பிடித்துப்போனால், மீதி ஏழும் பிடிக்கும்.

அடுத்த முறை ஒரு புது சீக்வலின் டிரெய்லர் ‘முன்பைவிட இரண்டு மடங்கு பெரிய உலகம்’ என்று சொன்னால், காசை எடுப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த உலகத்தில் கொடுக்கப்போகும் வேலைகள் எல்லாம் எந்தத் திட்டத்துக்காக?